புதிய ப்ராசஸருக்கு ஒரு ரெண்டரரைக் கொண்டுபோவது எப்படி?

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினிகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரெண்டரரை, அதாவது முப்பரிமாணக் காட்சியைப் படமாக்கும் மென்பொருளை, ஆர்ம்64, ரிஸ்க்-வி போன்ற வேறொரு கட்டமைப்பில் ஓடவைக்கும் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு சி++ தெரியும். ஒரு கதிர் கேமராவிலிருந்து கிளம்பி, பொருளில் பட்டு, ஒளியைத் தேடிப்போகிறது என்ற அளவுக்கு ரே டிரேசிங் தெரியும். ஆனால் போர்ட்டிங் செய்ததில்லை. அப்படி இருப்பவருக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்பைல் ஆவது இந்த வேலையில் சிறு பகுதிதான். பெரும்பாலான மென்பொருள்கள் தவறினால் நின்றுவிடும், பிழை என்று சொல்லும். ரெண்டரர் அப்படிச் செய்யாது. தவறினாலும் ஒரு படத்தைக் கொடுத்துவிடும். அந்தப் படம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சரியாகவே தெரியும். மீதி ஒரு பங்கு எங்கே இருக்கிறது, அது ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் நாட்கள் கரையும். அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளும் ஒரே வரிசையைப் பிடித்துப் போகின்றன. எவ்வளவு மெதுவாக வந்தாலும் முதலில் சரியான படம் வரட்டும், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். மூன்று வாரம் போன பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

பெரிய திட்டங்களிலும் இந்த வேலை கட்டம் கட்டமாகத்தான் நடந்தது. ஆப்பிள் எம்1 சிப் கொண்ட கணினிகள் 2020 நவம்பரில் வந்தன. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் அவற்றில் நேரடியாக ஓடும் முதல் வெளியீடான 2.93, 2021 ஜூனில் வந்தது. அதிலும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரர் சிபியூவில்தான் ஓடியது. ஆப்பிளின் ஜிபியூ இடைமுகமான மெட்டல் வழியாக ஜிபியூவைப் பயன்படுத்த 2022 மார்ச்சில் வந்த 3.1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் திட்ட அட்டவணையில் 'ஆர்ம் ஆதரவு' என்று ஒரே வரியாக எழுதிவைக்காதீர்கள்.

முதல் படி: பழைய கணினியிலிருந்து சாட்சிப் படங்கள்

புதிய கணினியைத் தொடும் முன்பே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்86 கணினியில் இருபது முப்பது சிறு காட்சிகளை ரெண்டர் செய்து சேமியுங்கள். ஒவ்வொரு காட்சியும் ஒரே ஒரு விஷயத்தைச் சோதிக்கட்டும். ஒன்றில் வெறும் முக்கோணங்கள், ஒன்றில் முடி, ஒன்றில் புகை, ஒன்றில் டெக்ஸ்சர், ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் அசைவு மங்கல். ஒளிக் கணக்கைச் சோதிக்க எல்லோரும் பயன்படுத்தும் கார்னெல் பெட்டி என்ற காட்சி கட்டாயம் இருக்கட்டும். அதன் வடிவம் எளிது, சிவப்புச் சுவரும் பச்சைச் சுவரும் தரும் நிறக் கசிவில் ஒளிக் கணக்கின் தவறு உடனே கண்ணில் படும்.

ஓப்பன்இஎக்ஸ்ஆர் என்ற படக்கோப்பு வடிவில், முழு ஃப்ளோட் துல்லியத்தோடு சேமியுங்கள். எட்டு பிட் பிஎன்ஜி படத்தில் சிறு வேறுபாடுகள் வட்டமிடலில் மறைந்துபோகும். நீங்கள் தேடுவதே அந்தச் சிறு வேறுபாடுகளைத்தான். ரேண்டம் எண்ணின் விதை, சாம்பிள் எண்ணிக்கை, த்ரெட் எண்ணிக்கை மூன்றையும் நிலையாக வைத்து, படத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். படத்தின் இரைச்சலை நீக்கும் டீனாய்சரை அணைத்துவிடுங்கள். அது பிழைகளை அழகாகப் பூசி மறைத்துவிடும்.

எதில் ஓடுகிறது என்று உறுதிசெய்யுங்கள்

சின்னப் படிதான், ஆனால் பலர் விழுவது இங்கேதான். ஆப்பிள் கணினிகளில் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு எக்ஸ்86 நிரல்களை அப்படியே ஓட்டிவிடும். உங்கள் டெர்மினலே அந்த அடுக்கின் கீழ் திறந்திருந்தால், கணினியின் வகையைக் கேட்டாலும் எக்ஸ்86 என்றே பதில் வரும். பில்ட் சிஸ்டம் அதை நம்பி எக்ஸ்86 நிரலை உருவாக்கும், படமும் சரியாக வரும். போர்ட்டிங் முடிந்துவிட்டது என்று நீங்கள் மகிழ்வீர்கள். பில்ட் ஆன கோப்பையும், அதோடு இணையும் ஒவ்வொரு நூலகக் கோப்பையும் 'ஃபைல்' கட்டளையால் பார்த்துவிடுங்கள்.

வேறொரு ப்ராசஸரைப்போல நடிக்கும் க்யூஎமு என்ற மென்பொருளைக் கொண்டு எக்ஸ்86 கணினியிலேயே ஆர்ம் நிரலை ஓட்டிப் பார்ப்பதும் நல்ல வழிதான். கணக்குப் பிழைகளை அதில் பிடித்துவிடலாம். ஆனால் த்ரெட் வரிசைப் பிழைகள் அதில் வெளிப்படாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். கடைசியில் உண்மையான கணினி ஒன்று வேண்டும்.

நூலகங்களை அடியிலிருந்து ஏறுங்கள்

ரெண்டரர் தனியாக நிற்பதில்லை. படக்கோப்பு, த்ரெட், புகை, கதிர்ச் சந்திப்பு, ஷேடர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நூலகத்தை நம்பியிருக்கும். ஓப்பன்இஎக்ஸ்ஆர், ஓப்பன் இமேஜ் ஐஓ, டிபிபி, ஓப்பன்விடிபி, எம்ப்ரீ, ஓப்பன் ஷேடிங் லாங்வேஜ், அதற்குக் கீழே எந்திரக் கோடை உருவாக்கும் எல்எல்விஎம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு தாளில் இதை மரமாக வரையுங்கள். எதன்மேலும் சாராத இலைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் புதிய கணினியில் பில்ட் செய்து, அந்தந்த நூலகத்தின் சொந்தச் சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். அவசரத்தில் சோதனைகளைத் தாண்டிப் போனால், பிற்பாடு வரும் கரும்புள்ளி உங்கள் கோடிலிருந்து வந்ததா, இமேஜ் நூலகத்திலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது.

முன்பைவிட இப்போது நிலைமை எவ்வளவோ மேல். கதிர்-முக்கோணச் சந்திப்புக்கு எல்லோரும் பயன்படுத்தும் எம்ப்ரீ, இன்டெல் எழுதியது. தொடக்கத்தில் எக்ஸ்86-க்கு மட்டுமே இருந்தது. ஆர்முக்கு ஆர்வலர்கள் தனிக் கிளை வைத்திருந்தார்கள். 2021-இல் 3.13 வெளியீட்டில்தான் மூலத்திலேயே ஆர்ம் ஆதரவு சேர்ந்தது. உங்கள் ரெண்டரர் பழைய எம்ப்ரீயைப் பிடித்துக்கொண்டிருந்தால், போர்ட்டிங்குக்கு முன் எக்ஸ்86-இலேயே புதியதற்கு மாற்றி, சாட்சிப் படங்களை மறுபடி எடுத்துவிடுங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம்.

பில்ட் சிஸ்டத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒரே கட்டமைப்புக்கு மூன்று பெயர். லினக்ஸ் அதை 'ஏஆர்ச்64' என்று அழைக்கிறது. மேக் 'ஆர்ம்64' என்று சிறிய எழுத்தில் சொல்கிறது. விண்டோஸ் அதையே பெரிய எழுத்தில் சொல்கிறது. சிமேக் கோப்பில் ஒரு பெயரை மட்டும் ஒப்பிட்டு எழுதியிருந்தால் மற்ற இரண்டும் அமைதியாக 'தெரியாத ப்ராசஸர்' என்ற கிளைக்குப் போய்விடும். எல்லா ஒப்பீடுகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, உங்களுக்கென ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்டியை அணைத்து முதல் படம்

ஒரே கட்டளையில் நான்கு, எட்டு எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் சிம்டி கோடுதான் ரெண்டரரின் வேகத்துக்கு உயிர். அதே கோடுதான் ப்ராசஸரோடு இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதும். எக்ஸ்86-இன் சிம்டி தொகுப்புகளான எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கொண்டு எழுதிய இடங்களுக்கெல்லாம் சாதாரண சி++ மாற்று இருக்கிறதா பாருங்கள். பல ரெண்டரர்களில் இருக்கும், ஆனால் யாரும் பல ஆண்டுகளாகக் கம்பைல் செய்திருக்கமாட்டார்கள். அதை முதலில் எக்ஸ்86-இலேயே உயிர்ப்பியுங்கள். எக்ஸ்86-இல் சிம்டி இல்லாமல் சரியான படம் வந்த பிறகு, அதே கோடைப் புதிய கணினிக்குக் கொண்டுபோங்கள்.

இன்லைன் அசெம்பிளி உள்ள இடங்கள் இப்போது தானாகவே வெளிப்படும். ப்ராசஸரின் திறன்களைக் கேட்கும் கட்டளை, கடிகாரத்தைப் படிக்கும் கட்டளை, பூட்டுக்காகச் சுற்றிக் காத்திருக்கும்போது 'சற்று நில்' என்று சொல்லும் கட்டளை. வழக்கமாக இந்த மூன்றுதான் இருக்கும். கடிகாரத்துக்கு சி++ தரும் கடிகாரமே போதும். மற்றவற்றை ஒரு சிறு கோப்பில் கட்டமைப்புவாரியாகப் பிரித்து வையுங்கள்.

படம் வந்துவிட்டதா? மெதுவாகத்தான் வந்திருக்கும். பரவாயில்லை. இதற்குப் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கணினியிலும் ஒரு பொதுவான தரை கிடைத்துவிட்டது.

எண்கள் ஏன் மாறுகின்றன

சாட்சிப் படத்தோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான பிக்சல்கள் கடைசி இலக்கங்களில் வேறுபடும். இதைப் பார்த்துப் பயந்துவிடவும் கூடாது, 'ஃப்ளோட் என்றால் அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தான், விட்டுவிடலாமா என்று முடிவுசெய்ய முடியும். நான் சந்தித்த காரணங்கள் இவை.

பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்து ஒரே வட்டமிடலோடு செய்யும் எஃப்எம்ஏ கட்டளை ஆர்ம்64-இல் அடிப்படையிலேயே உண்டு. எக்ஸ்86-64-இன் அடிப்படைத் தொகுப்பில் கிடையாது. ஜிசிசி கம்பைலர் இயல்பாகவே இரண்டையும் சேர்த்துவிட அனுமதிக்கும். அதனால் ஒரே வரி, ஒரே கம்பைலர், இரண்டு கணினியில் இரண்டு விடை. பெரும்பாலும் எஃப்எம்ஏ விடைதான் துல்லியம் கூடியது. ஆனால் இரண்டு பெருக்குத் தொகைகளின் வித்தியாசத்தைக் கணக்கிடும் இடங்களில், ஒரு பெருக்கல் மட்டும் வட்டமிடாமல் போக, சமமாக இருக்க வேண்டியவை சமமில்லாமல் ஆகும். பூஜ்யமாக வர வேண்டிய குறுக்குப் பெருக்கம் மிகச் சிறிய எண்ணாக வந்து, பக்கத்து முக்கோணங்களின் விளிம்பில் கதிர் நழுவிவிடும். ஒப்பிடும் காலம் முழுவதும் இந்தச் சேர்ப்பை அணைத்து வையுங்கள். அணைத்தவுடன் வேறுபாடுகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. மறையாமல் நிற்பவைதான் உண்மையான பிழைகள்.

ஃப்ளோட்டை முழு எண்ணாக மாற்றுவது அடுத்த பொறி. எல்லை தாண்டிய எண்ணை 32 பிட் முழு எண்ணாக மாற்றச் சொன்னால் எக்ஸ்86, இருக்கும் எண்களிலேயே சிறியதான மைனஸ் 2147483648-ஐத் தரும். ஆர்ம் எல்லையிலேயே நிறுத்திவிடும். பெரிய எண் என்றால் மிகப் பெரிய முழு எண் வரும். சி++ விதிப்படி இந்த மாற்றத்துக்கு வரையறுத்த விடையே கிடையாது. ஆகவே இரண்டு ப்ராசஸரும் சரி, கோடுதான் தவறு. டெக்ஸ்சர் ஆயத்தொலைவு மிகப் பெரிதாகும் இடங்களிலும், எதிர்ம நிறமதிப்பை எட்டு பிட்டாகச் சுருக்கும் இடங்களிலும் இது தலைகாட்டும். எக்ஸ்86-இல் சுற்றிவந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது ஆர்மில் கறுப்பாகிவிடலாம். மாற்றுவதற்கு முன் எல்லைக்குள் அடக்கிவிடுவதே தீர்வு.

'கேர்' வகை எக்ஸ்86-இல் குறியுள்ளது. லினக்ஸ் ஆர்மிலும் ரிஸ்க்-வியிலும் குறியற்றது. ஆப்பிள் ஆர்மில் மறுபடி குறியுள்ளது. கோப்பு முடிந்ததா என்று மைனஸ் ஒன்றோடு ஒப்பிடும் பழைய படக்கோப்பு வாசிப்பான், கிடைத்த மதிப்பை 'கேர்' மாறியில் வைத்திருந்தால் லினக்ஸ் ஆர்மில் முடிவே இல்லாமல் சுற்றும். மேக்கில் சோதித்து 'ஆர்மில் நன்றாக ஓடுகிறது' என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. வேறு ஆர்மில் சோதித்திருக்கிறார்.

'லாங் டபுள்' எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். எக்ஸ்86 லினக்ஸில் அது 80 பிட். ஆர்ம்64 லினக்ஸில் 128 பிட், அதுவும் மென்பொருளால் கணக்கிடப்படுவதால் மிக மெதுவாக ஓடும். ஆப்பிள் ஆர்மில் சாதாரண 64 பிட் டபுள்தான்.

நடுவில் ஒரு கறுப்புக் கோடு

இப்போது ஒரு பிழையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சிம்டி கோடை ஆர்மின் சிம்டி தொகுப்பான நியானுக்கு மாற்றிய மறுநாள், எங்கள் சோதனைக் காட்சி ஒன்றில் படத்தின் சரியான நடுவில், மேலிருந்து கீழாக ஒரே பிக்சல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. மற்ற எல்லா இடமும் சரி. படத்தின் அகலத்தை 801-இலிருந்து 800 ஆக்கினால் கோடு மறைந்தது.

அகலம் ஒற்றைப்படை எண் என்றால், நடுவில் இருக்கும் பிக்சல் வரிசையின் கதிர்களுக்குக் கிடைத்திசைக் கூறு மிகச்சரியாக பூஜ்யம். கேமராவும் எக்ஸ் அச்சில் பூஜ்யத்தில் இருந்தது. பொருள் சமச்சீரானது, அதனால் அதைச் சுற்றிய எல்லைப்பெட்டி ஒன்றின் சுவரும் பூஜ்யத்திலேயே நின்றது. கதிர் பெட்டியில் படுகிறதா என்று பார்க்க, சுவருக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரத்தைத் திசையின் தலைகீழால் பெருக்குவோம். தூரம் பூஜ்யம், பூஜ்யத்தின் தலைகீழ் முடிவிலி. பூஜ்யம் பெருக்கல் முடிவிலிக்கு விடை கிடையாது. ப்ராசஸர் 'நேன்' என்ற, எண் அல்லாத அடையாளத்தை வைக்கிறது. இதுவரை இரண்டு கணினியும் ஒன்றே.

அடுத்து 'இரண்டில் சிறியது எது' என்ற கட்டளை. எஸ்எஸ்இ-யில், இரண்டில் ஒன்று நேன் என்றால் இரண்டாவதாகக் கொடுத்த எண்ணே விடையாக வரும். இந்த நிரலை முதலில் எழுதியவர் இதை அறிந்து, நேன் வரக்கூடிய எண்ணை முதலாவதாகவும் நல்ல எண்ணை இரண்டாவதாகவும் வைத்திருந்தார். நேன் தானாக உதிர்ந்துவிடும். அருமையான உத்திதான், ஆனால் அதைப் பற்றி ஒரு வரிக் குறிப்புகூட எழுதவில்லை. நியானின் சாதாரண 'சிறியது' கட்டளையோ நேனைக் கண்டால் நேனையே தருகிறது. பெட்டிச் சோதனையின் கடைசி ஒப்பீட்டில் நேன் போய் நின்றால் விடை எப்போதும் 'இல்லை'. கதிர் பெட்டியைத் தவறவிடும், அதனுள் இருக்கும் பொருள் மறையும்.

நியானில் எண்ணைத் தேர்ந்தெடுத்து நேனை ஒதுக்கும் இன்னொரு 'சிறியது' கட்டளையும் உண்டு. அதைப் போட்டதும் கறுப்புக் கோடு போய்விட்டது. எஸ்எஸ்இ கட்டளைகளை நியானாக மாற்றித்தரும் எஸ்எஸ்இ2நியான் என்ற தலைப்புக் கோப்பைப் பயன்படுத்தினால், எஸ்எஸ்இ போலவே நடந்துகொள்ளச் சொல்லும் தனி சுவிட்ச் இதற்கென்றே அதில் இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு எங்கெங்கே தேவையில்லை என்று பார்த்து எடுக்கலாம்.

இந்த மாதிரிப் பிழையைத் தேடும் முறையும் முக்கியம். தவறிய ஒரு பிக்சலை மட்டும் இரண்டு கணினியிலும் ரெண்டர் செய்யுங்கள். கதிர் கடக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் நுழையும் தூரம், வெளியேறும் தூரம் இரண்டையும் பதினாறடிமான எண்ணாக அச்சிடுங்கள். இரண்டு பதிவையும் அருகருகே வைத்து, முதன்முதலில் எந்த வரியில் பிரிகின்றன என்று பாருங்கள். முதல் பிரிவைத் தாண்டி ஒரு வரிகூடப் படிக்கத் தேவையில்லை.

சிம்டியைத் திரும்பக் கொண்டுவருதல்

எஸ்எஸ்இ2நியான் போன்ற ஒரு மாற்றுக் கோப்போடு தொடங்குங்கள். சைக்கிள்ஸும் எம்ப்ரீயும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. எஸ்எஸ்இ-யும் நியானும் 128 பிட் அகலம், நான்கு ஃப்ளோட். அதனால் பெரும்பாலான கட்டளைகள் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பொருந்தாத இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தோராயத் தலைகீழ். எஸ்எஸ்இ-யின் தோராயக் கட்டளை சுமார் 12 பிட் துல்லியம் தரும். அதற்குமேல் விடையைக் கூர்மையாக்கும் ஒரு நியூட்டன் திருத்தம் போட்டால் ஏறக்குறைய முழுத் துல்லியம். நியானின் கட்டளை சுமார் 8 பிட்தான் தரும். ஒரு திருத்தம் போட்டால் 16 பிட் அளவுக்கே வரும். பழைய கோடை அப்படியே மாற்றினால் நிழல்களில் புள்ளி புள்ளியாக அழுக்கு தெரியும். இரண்டு திருத்தம் போடுங்கள், அல்லது நேரடியாக வகுத்துவிடுங்கள். இன்றைய ப்ராசஸர்களில் வகுத்தல் பலரும் நினைக்கும் அளவுக்கு மெதுவானதல்ல. அளந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இரண்டு, நான்கு ஒப்பீடுகளின் விடையை நான்கு பிட்டுகளாகச் சுருக்கும் எஸ்எஸ்இ கட்டளை. எந்தெந்தப் பெட்டியில் கதிர் பட்டது என்று அறிய, எல்லைப்பெட்டிகளை அடுக்கிய பிவிஎச் மரத்தில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இது வரும். நியானில் இதற்கு நேரடிக் கட்டளை இல்லை. மாற்றுக் கோப்பு அதை நான்கைந்து கட்டளைகளால் செய்கிறது. பல இடங்களில் உங்களுக்குத் தேவை 'ஏதாவது ஒன்றிலாவது பட்டதா' என்பது மட்டும்தான். அதற்கு நான்கில் பெரியதை எடுக்கும் ஒரே கட்டளை போதும். மாற்றுக் கோப்பை விட்டுவிட்டுக் கையால் எழுதத் தகுந்த முதல் இடம் இதுதான்.

எட்டு ஃப்ளோட் அகல ஏவிஎக்ஸ் கோடை என்ன செய்வது? எம்ப்ரீயில் இரண்டு நியான் பதிவேடுகளைச் சேர்த்து எட்டு அகலமாகப் பாவிக்கும் தேர்வு உண்டு. எட்டுக் கிளை மரத்தில் இறங்க அது உதவும். உங்கள் கோடிலும் இதே வழியைச் சோதிக்கலாம்.

ஆர்மின் எஸ்விஇ, ரிஸ்க்-வி வெக்டர் ஆகிய சிம்டி தொகுப்புகளுக்கு வேறு விதமாக யோசிக்க வேண்டும். அங்கே பதிவேட்டின் அகலம் கோடு எழுதும்போது தெரியாது. எஸ்விஇ 128 முதல் 2048 பிட் வரை எதுவாகவும் இருக்கலாம். 'நான்கு ஃப்ளோட்' என்று ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் பதிவேட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே கம்பைலே ஆகாது; அந்த வகைகளுக்கு அளவே கிடையாது. அகலத்தை நிலையாக வைத்துக் கம்பைல் செய்யும் வழி உண்டு. ஆனால் அந்த நிரல் வேறு அகலமுள்ள ப்ராசஸருக்கு ஆகாது. புதிதாக எழுதுபவர் ஹைவே போன்ற சிம்டி நூலகத்தையோ ஐஎஸ்பிசி கம்பைலரையோ நாடுவது நல்லது. ரிஸ்க்-வியின் வெக்டர் நீட்டிப்பு 1.0, 2021-இல்தான் இறுதியானது. அதற்கு முந்தைய வரைவைப் பின்பற்றிய சிப்களும் சந்தையில் உண்டு; அவற்றுக்கும் இதற்கும் ஒத்துவராது. வாங்கும் முன் பாருங்கள்.

த்ரெட்கள்: ஆயிரம் ஃப்ரேமில் ஒன்று

கணக்குப் பிழைகள் தினமும் ஒரே இடத்தில் வரும். த்ரெட் வரிசைப் பிழை அப்படியில்லை.

எக்ஸ்86-இல் ஒரு த்ரெட் எழுதியவை, எழுதிய வரிசையிலேயே மற்ற த்ரெட்களுக்குத் தெரியும். ஆர்முக்கும் ரிஸ்க்-விக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டெக்ஸ்சர் கேஷை எடுத்துக்கொள்வோம். முதல் த்ரெட் டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டுப் படத்தை நினைவகத்தில் எழுதிவிட்டு 'தயார்' என்று கொடியை உயர்த்துகிறது. இரண்டாவது த்ரெட் கொடியைப் பார்த்துவிட்டுப் படத்தைப் படிக்கிறது. ஆர்மில் கொடி முன்னதாகவும் படம் பின்னதாகவும் தெரியக்கூடும். அப்போது அந்த த்ரெட் பழைய குப்பையைப் படித்து ஒரு சதுரத் துண்டை நிறம் மாற்றி வரைந்துவிடும். மறுபடி ஓட்டினால் வராது.

கோடில் இருக்கும் ஒவ்வொரு அணுநிலை (அட்டாமிக்) மாறியையும், அதைவிட முக்கியமாக அணுநிலையாக இருக்க வேண்டியும் சாதாரண 'பூல்' ஆகவோ 'வாலடைல்' ஆகவோ இருப்பதையும் தேடிப் பட்டியல் போடுங்கள். அவற்றின் நினைவக வரிசை, எழுதும் பக்கம் 'ரிலீஸ்', படிக்கும் பக்கம் 'அக்வயர்' என்று இருக்கிறதா பாருங்கள். வரிசைக் கட்டுப்பாடு இல்லாத 'ரிலாக்ஸ்ட்' என்று இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி விளக்கம் எழுத முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள். த்ரெட் சானிடைசரை எக்ஸ்86-இலேயே ஓட்டலாம். ப்ராசஸர் மன்னித்துவிடும் தவறுகளையும் அது காட்டிக்கொடுக்கும். க்யூஎமு இங்கே உதவாததற்குக் காரணம், எக்ஸ்86-இன்மேல் ஓடும்போது அடியில் இருப்பது எக்ஸ்86-இன் கட்டுப்பாடான வரிசைதான் என்பதே.

இன்னொன்று, எல்லாக் கோர்களும் சமமல்ல. எம்1-இல் வேகமான கோர் நான்கு, சிக்கனமான கோர் நான்கு. படத்தை எட்டாகச் சமமாக வெட்டிக் கொடுத்தால் வேகமான நான்கும் முடித்துவிட்டு மற்றவற்றுக்காகக் கைகட்டிக் காத்திருக்கும். சிறு டைல்களாக வெட்டி, முடித்தவர் அடுத்ததை எடுக்கட்டும் என்று விடுங்கள்.

பக்க அளவும் ஓட்டத்தில் உருவாகும் கோடும்

நினைவகப் பக்கம் 4096 பைட் என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். ஆப்பிள் சிப்களில் அது 16 கேபி. சில ஆர்ம் லினக்ஸ் அமைப்புகளில் 64 கேபி. இயங்குதளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

பொருளின் நிறத்தையும் மேற்பரப்பையும் கணக்கிடும் உங்கள் ஷேடர்கள் ஓட்டத்தின்போதே எந்திரக் கோடாக மாற்றப்பட்டால் இரண்டு விஷயங்கள். ஆர்மில் கட்டளைக் கேஷும் தரவுக் கேஷும் தானாக ஒத்துப்போவதில்லை. புதிதாக எழுதிய கோடை ஓட்டும் முன் கட்டளைக் கேஷைத் துடைக்க வேண்டும். ஆப்பிள் ஆர்மில், எழுதக்கூடிய பக்கம் அதே நேரத்தில் ஓட்டக்கூடியதாக இருக்கவும் கூடாது. எல்எல்விஎம் புதிய பதிப்பைப் பயன்படுத்தினால் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஓட்டத்தில் கோடை உருவாக்கும் பகுதி (ஜிட்) சொந்தமாக எழுதியது என்றால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படங்களை ஒப்பிடுவது

பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடுவது குறைந்த சாம்பிளில் ஏமாற்றிவிடும். ஒரு கதிரின் முதல் மோதல் கடைசி பிட்டில் வேறுபட்டால், நான்காவது எதிரொளிப்பில் அது வேறு சுவரில் போய் நிற்கும். இரண்டும் சரியான விடைகளே. இரைச்சல் மட்டும் வேறு. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று ஒப்பீடு வையுங்கள்: எதிரொளிப்பு இல்லாத நேரடி ஒளிப் படத்தில் பிக்சல்வாரி ஒப்பீடு, அதிக சாம்பிள் படத்தில் சிறு சதுரங்களின் சராசரி ஒப்பீடு, மூன்றாவதாக நேன், முடிவிலி, எதிர்ம மதிப்பு எங்காவது இருக்கிறதா என்ற எண்ணிக்கை. மூன்றாவது எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும், அதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

சராசரி ஒரு பக்கமாகவே சாய்ந்தால், படம் முழுக்க அரை சதவீதம் இருண்டிருந்தால்கூட, அது இரைச்சல் அல்ல. எங்கோ ஒளி தொலைகிறது. வெள்ளைச் சூழலில் வெள்ளைப் பந்தை வைத்து ரெண்டர் செய்யுங்கள். ஒளியை விழுங்காத பொருள் என்றால் பந்து சூழலோடு கரைந்து மறைய வேண்டும். வெளிக்கோடு தெரிந்தால் அங்கிருந்து தேடுங்கள்.

அனுமதிக்கும் வேறுபாட்டைக் காட்சிவாரியாக எழுதிவையுங்கள். சோதனை தோற்றவுடன் எல்லையை உயர்த்திவிட்டுப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். உயர்த்தினால், காரணத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்: எஃப்எம்ஏவா, தோராயத் தலைகீழா, வேறெதுவா என்று.

வேகம், அதன்பின் பேட்ச்

இப்போதுதான் புரொஃபைலரைத் திறக்க வேண்டும். எக்ஸ்86-இல் எங்கே நேரம் போனதோ அங்கேயேதான் இங்கும் போகும் என்று எண்ண வேண்டாம். மிகச் சிறிய, பூஜ்யத்தை ஒட்டிய எண்களைப் பூஜ்யமாக்கிவிடும் அமைப்பு எக்ஸ்86-இல் ஒரு பதிவேட்டிலும் ஆர்மில் வேறொரு பதிவேட்டிலும் இருக்கிறது. ஆர்மில் அதைப் போட மறந்தால் புகைக் காட்சிகளின் எண்கள் மாறும், சில சிப்களில் வேகமும் குறையும். ஒவ்வொரு த்ரெட்டிலும் தனித்தனியாகப் போட வேண்டிய அமைப்பு அது. ரிஸ்க்-வியின் அடிப்படை ஃப்ளோட் நீட்டிப்பில் அந்த வசதியே இல்லை. அதை நம்பி எழுதிய கோடு இருந்தால் மாற்றுங்கள். கேஷ் ஒரே தடவையில் எடுக்கும் துண்டான கேஷ் வரி எம்1-இல் 128 பைட், எக்ஸ்86-இல் 64. த்ரெட்டுக்கு ஒன்றாக அடுக்கிய எண்ணிகளை 64 பைட் இடைவெளியில் வைத்திருந்தால், இரண்டு கோர்கள் ஒரே வரிக்காக இழுபறி செய்யும்.

பேட்ச்களைச் சிறிது சிறிதாக அனுப்புங்கள். 'கேர்' குறி, எல்லை அடக்கல், அணுநிலை மாறிகள் ஆகியவை புதிய ப்ராசஸருக்கானவை அல்ல. எக்ஸ்86-இலும் மறைந்திருந்த பிழைகளே. அவற்றைத் தனியாக, முதலில் அனுப்பினால் பராமரிப்பாளர்கள் தயங்காமல் ஏற்றுக்கொள்வார்கள். பில்ட் மாற்றங்கள் அடுத்து. சிம்டி கடைசி. ஒவ்வொரு பேட்ச்சோடும் எந்தச் சாட்சிப் படம் அதனால் சரியானது என்று படத்தையே இணையுங்கள்.

தானியங்கிச் சோதனையில் புதிய கட்டமைப்புள்ள உண்மையான கணினி ஒன்று சேரும் வரை அந்தக் கிளையைப் 'பரிசோதனை நிலை' என்றே குறித்து வையுங்கள். மாதத்தில் ஒருநாள் கையால் ஓட்டிப் பார்ப்பது போதாது. அந்த இடைவெளியில் எக்ஸ்86-இல் மட்டும் சோதித்த புதிய கோடு வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் கறுப்புக் கோடு திரும்ப வந்தால் எந்த மாற்றத்தால் வந்தது என்று தேட, ஒரு மாதத்து மாற்றங்கள் எல்லாவற்றையும் புரட்ட வேண்டியிருக்கும்.